எல்லாவற்றிலும் ஜி 1/4 மரைதான் என்றால் பொருத்தம் பார்ப்பது எதற்கு?

2024 ஏப்ரல் 6 (வாசகர் ஒருவரின் கேள்வி)

"கணினியை நீரால் குளிர்விக்கும் பாகங்கள் அனைத்திலும் குழாய் இணைப்பைத் திருக ஒரே ஜி 1/4 மரைதான் இருக்கிறது. ஆகவே எந்த நிறுவனத்தின் பாகத்தையும் எதனோடும் இணைக்கலாம் என்பதே என் புரிதல். ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு, கையிலிருக்கும் பழைய ஏஐஓ (நீர் நிரப்பி மூடியே விற்கப்படும் குளிர்விப்பான்) ஒன்றின் 240 ரேடியேட்டர், புதிதாக ஒரு 360 ரேடியேட்டர், ஒரு டி5 பம்ப் ஆகியவற்றைக் கொண்டு கணினி கட்டப் போகிறேன். பிராசஸரின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பிளாக்கை வாங்கிவிட்டேன். இதற்கு மேல் சரிபார்க்க என்ன இருக்கிறது?"

2024 ஏப்ரல் 6, இரவு

மரையைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. 13.157 மி.மீ. வெளிவிட்டமும் அங்குலத்திற்கு 19 சுற்றுகளும் கொண்ட அந்த இணைமரையைத்தான் (விட்டம் மாறாத நேர்மரை) பிளாக், ரேடியேட்டர், ரிசர்வாயர் (நீர்த்தொட்டி) செய்கிற நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே பின்பற்றுகின்றன. ஆனால் டியூபையும் பாகத்தையும் இணைக்கும் ஃபிட்டிங்கின் ஒரு முனை மட்டுமே மரை. மறுமுனையில் டியூப் நுழைகிறது, அங்கே ஒற்றுமை கிடையாது. வளையும் டியூபில் 10/13, 10/16, 13/19 என்று உள்விட்டமும் வெளிவிட்டமும் மாறும்; கெட்டி டியூபில் 12, 14, 16 மி.மீ. என்று வெளிவிட்டம் மாறும். 10/16 டியூபிற்கு 10/13 ஃபிட்டிங்கை வாங்கினால், டியூப் முனையின் மேல் ஏறிவிடும், இறுக்கும் வளையம் மட்டும் டியூபின் மேல் ஏறாது. 3/8, 5/8 அங்குலம் என்று விற்கப்படுவதும் 10/16 என்று விற்கப்படுவதும் ஒன்றுக்கொன்று சேரும் என்பது மட்டும் ஆறுதல்.

பிராசஸர் பிளாக்கை முதலில் வாங்கியதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அது முதலில் வாங்க வேண்டிய பொருள் அன்று. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 7

அந்தப் பழைய 240 ரேடியேட்டர் வேண்டாம்.

2024 ஏப்ரல் 7, மாலை

காலையில் எழுதியது சுருக்கமாக இருப்பதாகக் குறைபட்டிருக்கிறீர்கள். விரிக்கிறேன். ஏஐஓ வகைகளில் பெரும்பாலானவற்றின் ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது. பிராசஸரைத் தொடும் தகடு மட்டும் செம்பு. தொழிற்சாலையில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளோடு அடைத்து மூடி அனுப்புவதால் அந்தக் கலப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. அதே ரேடியேட்டரைத் திறந்து, உங்கள் செம்புப் பிளாக்குகளோடும் பித்தளை ஃபிட்டிங்குகளோடும் ஒரே நீரில் இணைத்தால் நீங்கள் கட்டுவது ஒரு மின்கலம். நியம மின்முனை அழுத்தம் அலுமினியத்திற்கு −1.66 வோல்ட், செம்பிற்கு +0.34 வோல்ட். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது அலுமினியம் கரைந்துகொண்டே போகும். கரைந்தது பிளாக்கின் உள்ளே நீர் ஓடும் நுண்துடுப்புகளுக்கிடையே வெள்ளைப் படிவாகச் சேரும். அலுமினியம் மட்டும் அல்லது செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மட்டும் என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். சந்தையில் இரண்டாவது குடும்பமே பெரியது.

தவிர, பல ஏஐஓ ரேடியேட்டர்களில் ஹோஸ் நேரடியாகப் பொருத்தி இறுக்கப்பட்டிருக்கும். ஜி 1/4 மரையே இருக்காது. உங்கள் வாதத்தின் முதல் வரி உங்கள் பட்டியலுக்கே பொருந்தவில்லை.

2024 ஏப்ரல் 9

முதலில் வாங்க வேண்டியது எது என்ற கேள்விக்கு வருகிறேன்: கிராஃபிக்ஸ் கார்டின் பிளாக். அதைவிடத் துல்லியமாகச் சொன்னால், பிளாக் கிடைக்கிற கிராஃபிக்ஸ் கார்டு.

பிராசஸர் பிளாக்கிற்கு நான்கு துளைகள் நேரே அமைந்தால் போதும். கிராஃபிக்ஸ் கார்டின் பிளாக்கோ அந்தக் கார்டின் சர்க்யூட் போர்டில் நினைவகச் சில்லுகள், மின்னழுத்தச் சீரமைப்புப் பாகங்கள், கெபாசிட்டர்கள் ஆகியவை எங்கெங்கே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதை ஒட்டிக் கடையப்பட்டது. "ஆர்டிஎக்ஸ் 4090" என்ற பெயர் மையச் சில்லைத்தான் குறிக்கிறது; போர்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. என்விடியாவின் ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டும் பிறருடைய போர்டுகளும் வேறு வேறு வடிவம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கே பிளாக் மாறும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. என் நண்பர் ஒருவர் வாங்கிய கார்டின் பெயர் பிளாக் நிறுவனத்தின் பட்டியலில் தெளிவாக இருந்தது. ஆனால் பட்டியலில் உள்ள போர்டின் படத்தையும் அவருடைய கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கெபாசிட்டர் வரிசை இடம் மாறியிருந்தது. கார்டின் இரண்டாம் திருத்தத்தில் போர்டு மாற்றப்பட்டிருக்கிறது, அட்டைப்பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே மாடல் பெயரை மட்டும் நம்பாமல் போர்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். கார்டின் குளிர்விப்பானைக் கழற்றினால் உத்தரவாதம் என்னாகும் என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 10

4090-க்குப் பதில் பழைய 3090-ஐ வாங்கலாமா என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். இரண்டிலும் 24 ஜிபி நினைவகம்தான், ஆனால் 3090-இல் அது 24 சில்லுகளாகப் போர்டின் இரு பக்கமும் பரவியிருக்கிறது; 4090-இல் 12 சில்லுகள், எல்லாம் முன்பக்கம். முன்பக்கத்தை மட்டும் மூடும் பிளாக்கைப் போட்டால் 3090-இன் மையச் சில்லு 50 டிகிரியில் குளுகுளுவென்று இருக்க, பின்பக்க நினைவகம் தனியே வெந்துகொண்டிருக்கும். என் பழைய 3090-இல் இதை நானே பார்த்தேன். அந்த வகை நினைவகம் 110 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3090 வாங்குவோர் பின்தகடும் நீரால் குளிரும் பிளாக்கையே தேட வேண்டும். அதன் விலையைச் சேர்த்தால் கார்டு மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சம் வடியும்.

சில்லுக்கும் பிளாக்கிற்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேட் பற்றியும் ஒரு சொல். 0.5, 1.0, 1.5 மி.மீ. என்று பிளாக்கோடு வருகிற பேடுகளை அந்தந்த இடத்தில்தான் ஒட்ட வேண்டும். 1.0 இருக்க வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் மேலே தூக்கிக்கொண்டு மையச் சில்லைச் சரியாகத் தொடாது. "கனமாக இருந்தால் நல்லது" என்ற எண்ணம் மெத்தைக்குப் பொருந்தும்.

2024 ஏப்ரல் 14

விடுமுறை நாளாதலால் விரிவாக எழுத முடிகிறது. இன்றைய பொருள் கேபினெட்.

360 ரேடியேட்டர் என்பது மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் நீளம். இரு முனைகளிலும் உள்ள தொட்டிகளையும் சேர்த்தால் ரேடியேட்டரின் உண்மையான நீளம் ஏறத்தாழ 390 முதல் 400 மி.மீ. வரை வரும், 420 ரேடியேட்டர் 450-ஐத் தாண்டும். கேபினெட்டின் விளம்பரத்தில் "360 ஆதரவு" என்று இருந்தால் அதன் பொருள், அந்தத் துளைகள் இருக்கின்றன என்பதே. மேலே 360-உம் முன்னே 360-உம் ஒரே நேரத்தில் அமையுமா, ரேடியேட்டரின் வாயில் ஃபிட்டிங் திருகிய பிறகு கை நுழையுமா என்பதெல்லாம் கையேட்டில் அடிக்குறிப்பாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

தடிமன் இதைவிட முக்கியம். 30 மி.மீ. ரேடியேட்டர், 25 மி.மீ. ஃபேன், மொத்தம் 55 மி.மீ. மேல்பக்கத்தில் இந்த 55 மி.மீ. கீழிறங்கும்போது மதர்போர்டின் மேல்விளிம்பு, அதிலுள்ள 8 பின் மின்கேபிள், உயரமான ரேம் ஆகிய மூன்றும் எதிர்ப்படும். வெப்பத்தகடு இல்லாத ரேமின் உயரம் 31 மி.மீ.; அலங்கார விளக்கோடு வருபவை 44 மி.மீ.-ஐத் தொடுகின்றன. அந்தப் பதின்மூன்று மி.மீ. பல கட்டுமானங்களில் ரேடியேட்டரையே இடம் மாற்ற வைத்திருக்கிறது. 45, 60 மி.மீ. தடிமனான ரேடியேட்டர்களைக் கண்டு ஆசைப்படுவோர் முதலில் ஸ்கேலை எடுத்துக் கேபினெட்டுக்குள் வைக்கட்டும்.

லியன் லி ஓ11 டைனமிக் கேபினெட் 2018-இல் வந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்கில் அத்தனை பேரும் அதை வாங்கியதற்குக் காரணம் கண்ணாடி அழகு மட்டும் அன்று. மேல், பக்கவாட்டு, அடி என்று மூன்று 360 ரேடியேட்டர்களுக்கு அதில் இடமுண்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) தனி அறையில் விலகி நிற்கிறது. அடியில் ரேடியேட்டரும் ஃபேனும் வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டு அவற்றின் தலையில் உட்காராமல் இருக்கிறதா என்பதை அங்கும் அளந்தே பார்க்க வேண்டும்.

திருகாணியும் பொருத்தத்தில் சேர்த்திதான். 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. திருகாணி, 30 மி.மீ. தடிமனான ஃபேனுக்கு 35 மி.மீ. ரேடியேட்டரின் மரை எம்3 ஆக, எம்4 ஆக, அமெரிக்க 6-32 ஆக இருக்கலாம். எது என்பதை விவரக்குறிப்பில் பார்க்கவும். நீளமான திருகாணியை ஃபேன் இல்லாமல் நேரே கேபினெட் தகட்டின் வழியாக முறுக்கினால் அதன் முனை நீர்க்குழாயைத் துளைக்கும். துளைக்குக் கீழே காப்புத் தகடு வைத்த ரேடியேட்டர்கள் இருக்கின்றன. ஐம்பது ரூபாய்த் திருகாணி ஒரு ரேடியேட்டரைக் கொல்லக்கூடாது என்று நினைப்பவர்கள் அவற்றைத் தேடலாம்.

2024 ஏப்ரல் 20

நீங்கள் வாங்கிய பிராசஸர் பிளாக்கின் பெட்டியில் "ஏஎம்4" என்று மட்டும் அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவை ஏஎம்டி பிராசஸர் அமரும் சாக்கெட்டுகளின் பெயர்கள்; உங்கள் 7950எக்ஸ் ஏஎம்5-க்கு உரியது. ஏஎம்4, ஏஎம்5 இரண்டிலும் துளை இடைவெளி 54 × 90 மி.மீ. தான். ஆனால் ஏஎம்4-இல் மதர்போர்டின் பின்தகட்டைக் கழற்றிவிட்டு பிளாக்கோடு வந்த தகட்டைப் போடலாம். ஏஎம்5-இல் பின்தகடு சாக்கெட்டோடு பிணைந்தது, கழற்றக்கூடாது. எனவே உங்கள் பிளாக் மதர்போர்டின் சொந்தப் பின்தகட்டில் திருகப்படுவதா, தன் தகட்டை எதிர்பார்ப்பதா என்பதைப் பாருங்கள். முன்னது என்றால் பிரச்சினை இல்லை. பின்னது என்றால் புதிய பிராக்கெட்டை வாங்க வேண்டும்.

இன்டெல் பக்கம் இருப்போருக்கு (அங்கே சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ): எல்ஜிஏ 1156 முதல் 1200 வரை துளை இடைவெளி 75 மி.மீ. சதுரம், எல்ஜிஏ 1700-இல் 78 மி.மீ., எல்ஜிஏ 2066-இல் 80 மி.மீ. மூன்று மி.மீ. தானே என்று துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கியவர்களும் உண்டு. 1700-இல் பிராசஸரின் உயரமும் சற்றுக் குறைவு என்பதால் ராவினாலும் அழுத்தம் சரியாக அமையாது.

இன்னொன்று. 7950எக்ஸில் கணிக்கும் சில்லுகள் இரண்டும் மையத்தில் இல்லை, ஓர் ஓரமாக இருக்கின்றன. அதற்காகப் பிளாக்கைச் சில மி.மீ. தள்ளிப் பொருத்தும் பட்டைகள் கிடைக்கின்றன. முழுச் சுமையில் 95 டிகிரி காட்டினால் பதறவும் வேண்டாம். அந்த எல்லை வரை ஏறி அதற்குள் கிடைக்கிற வேகத்தை எடுத்துக்கொள்வதே அதன் வடிவமைப்பு. நீர் அதன் வெப்பத்தைக் குறைக்காமல் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். செலவு செய்தவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

2024 ஏப்ரல் 28

"கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பிறகு ஒரு ரேடியேட்டர், பிராசஸருக்குப் பிறகு ஒரு ரேடியேட்டர் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டாமா?" என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். உங்கள் பிராசஸரின் உச்சம் 230 வாட், கார்டு 450 வாட், மொத்தம் 680. நீர் மணிக்கு 200 லிட்டர் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 55.6 கிராம், ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடாக 4.186 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: முழுச் சுற்றிலும் மிகச் சூடான இடத்திற்கும் மிகக் குளிர்ந்த இடத்திற்கும் வேறுபாடு 3 டிகிரிக்கும் குறைவு. டியூப் எந்த வழியில் குறைவாக வளைகிறதோ அந்த வழியில் இணையுங்கள். ரிசர்வாயர் பம்பிற்கு முன்னும் மேலும் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைத்தான் மீறக்கூடாது, ஏனெனில் டி5-இன் தாங்கிக்கு நீரே எண்ணெய். வறண்டு ஓடினால் கெட்டுவிடும்.

ஓட்டம் மணிக்கு 60 லிட்டராகக் குறைந்தால் அதே கணக்கில் வேறுபாடு பத்து டிகிரியை நெருங்கும். அப்போது வரிசை பொருட்படுத்தத்தக்கதாகும். ஆனால் அப்போது செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது அன்று, எங்கே அடைத்திருக்கிறது என்று தேடுவது.

2024 மே 8

கத்திரி தொடங்கிவிட்டது. இணையத்தில் காணும் சோதனைகள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய அறைவெப்பத்தில் நடந்தவை. சென்னையில் ஏசி இல்லாத என் அறையில் பிற்பகல் 35. நீர்க்குளிர்ச்சி எவ்வளவு சிறந்ததாயினும் அறையின் வெப்பத்திற்குக் கீழே போக முடியாது.

120 மி.மீ. ரேடியேட்டர்ப் பரப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வாட், அமைதியான ஃபேன் வேகத்தில் நீர் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக நிற்கும் என்பது கைக்கணக்கு. பழைய 240-க்குப் பதில் இன்னொரு 360 வாங்கினால், இரண்டு 360-க்கும் சேர்த்து ஆறு பரப்பு, 600 வாட். விளையாடும்போது பிராசஸர் 230 வாட்டைத் தொடுவதில்லை. ஆகவே உங்கள் கணினிக்கு இரண்டு 360 போதும், நீர் 45-ஐ ஒட்டி நிற்கும்.

2024 மே 9

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். அந்தக் கைக்கணக்கு ரேடியேட்டருக்கு அறைக்காற்று கிடைக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. முன்பக்க ரேடியேட்டர் வழியாக உள்ளே வந்து சூடான காற்றையே மேல்பக்க ரேடியேட்டர் வெளியேற்றும்போது இரண்டாவதற்கு அறைக்காற்று கிடைப்பதில்லை. அதனால் கத்திரிக்காக ஒரு பரப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்வதே என் இப்போதைய கருத்து. கேபினெட்டில் இடமிருந்தால் 360-க்குப் பதில் 420 நல்ல வழி: மூன்று 140 மி.மீ. சதுரங்களின் பரப்பு மூன்று 120-ஐவிட 36 சதவீதம் அதிகம், ஃபேனையும் மெதுவாக ஓட்டலாம். துளை இடைவெளி மட்டும் 105-இலிருந்து 124.5 மி.மீ. ஆக மாறும், கேபினெட்டில் அந்தத் துளைகள் இருக்க வேண்டும்.

கெட்டி டியூப் போட நினைப்பவர்களுக்கும் இந்த வெயிலில் ஒரு எச்சரிக்கை. அந்த டியூப் செய்யப்படும் பிஇடிஜி பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குகிறது, டி5 பம்பின் நீர்வெப்ப எல்லையும் அதே 60. 45-இல் ஓடும் கணினியில் இது பிரச்சினையே அன்று. ஃபேன்கள் நின்றுபோய், நீங்கள் வெளியூரில் இருந்து, கணினி வீடியோவை ரெண்டர் செய்துகொண்டிருந்தால் பிரச்சினை. அக்ரிலிக் டியூப் இன்னும் அதிக வெப்பம் தாங்கும். ஆனால் அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் நுண்விரிசல் விடும்.

2024 ஜூன் 2

பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரை ஊற்றலாமா? அயனி நீக்கிய நீர் என்ற வகையில் தகும். டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்புகளை அளப்பது) வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அதே அலமாரியில் பேட்டரி அமிலமும் அதே மாதிரிப் பாட்டிலில் இருக்கும் என்பதால் லேபிளை இருமுறை படியுங்கள். ஆர்ஓ கேன் தண்ணீரில் தாதுக்கள் எஞ்சியிருக்கும், போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எந்த நீராயினும் அரிப்புத் தடுப்பானும் பாசி வராமல் காக்கும் மருந்தும் சேர வேண்டும். "மின்சாரம் கடத்தாத" நீர் என்று விற்கப்படுவது சில வாரங்கள் உலோகங்களின் மேல் ஓடினாலே கடத்தத் தொடங்கிவிடும். கசிந்தாலும் கவலையில்லை என்று அதை நம்பி இறங்க வேண்டாம்.

பால் போன்ற வண்ணத் திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கின்றன. அவை பிளாக்கின் துடுப்புகளில் படியும். புகைப்படம் எடுக்க ஒரு நாள் ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2024 ஜூன் 3

தெளிவான பிவிசி டியூபிலிருந்து அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கிப் பொருள் கசிந்து அதே துடுப்புகளில் படியும் என்பதை நேற்று விட்டுவிட்டேன். என் கணினியில் கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப். பார்க்கத் தோட்டக் குழாய் போல இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். பிளாக்கைத் திறந்தபோது சுத்தமாக இருந்தது.

2024 ஜூன் 16

பாரிமுனைப் பக்கத்து நியூமேட்டிக் (காற்றழுத்தக் கருவி) கடைகளில் 1/4 ஃபிட்டிங் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே என்ற கேள்விக்கு: அங்கே கிடைப்பவற்றில் கணிசமானவை கூம்பு மரை. கூம்பு மரை உள்ளே போகப் போக இறுகும். அக்ரிலிக் பிளாக்கில் அதை முறுக்கினால் வாய் பிளக்கும். நமக்குத் தேவையான இணைமரையில் நீரை அடைப்பது முகப்பில் உள்ள ஓ-ரிங். டெஃப்லான் டேப் வேண்டியதில்லை. அமெரிக்க என்பிடி மரையில் அங்குலத்திற்கு 18 சுற்று, நம்முடையதில் 19; முதல் சுற்று உள்ளே போவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இணைமரையும் ஓ-ரிங்கும் கொண்ட பித்தளை ஃபிட்டிங்காக அங்கே கிடைத்தால், மரை நீளம் 5 மி.மீ.-ஐ ஒட்டி இருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

2024 ஜூலை 7

மின்சாரப் பொருத்தம். டி5 முழு வேகத்தில் ஏறத்தாழ 23 வாட் எடுக்கும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் முனை ஒரு ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தரும். ஆகவே பம்பின் மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாட்டா அல்லது மோலக்ஸ் மின் இணைப்பு வழியாக நேரே வர வேண்டும். வேகக் கட்டுப்பாட்டு வயர்கள் மட்டும் மதர்போர்டுக்குப் போகட்டும்.

நீர் வெப்பமானிக்கு இரண்டு பின் முனை மதர்போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுத்தர விலை போர்டுகள் பலவற்றில் இல்லை. அது இருந்தால் ஃபேன் வேகத்தைப் பிராசஸரின் வெப்பத்தோடு கட்டாமல் நீரின் வெப்பத்தோடு கட்டலாம். பிரவுசர் திறக்கும்போதெல்லாம் ஃபேன் அலறாது.

2024 ஆகஸ்ட் 11

கட்டி முடித்துக் காற்றழுத்தச் சோதனை செய்ததாகவும், 0.5 பாரில் நிறுத்திய முள் அரைமணியில் சற்று இறங்கியதாகவும், கசிவு எங்கே என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீர் ஊற்றும் முன் சோதித்தது மிகச் சரி. நடுவில் ஏசியைப் போட்டீர்களா? அடைபட்ட காற்று 33 டிகிரியிலிருந்து 26-க்குக் குளிர்ந்தாலே அழுத்தம் ஏறத்தாழ 0.03 பார் குறையும். வளிமண்டலத்தையும் சேர்த்து உள்ளே இருப்பது 1.5 பார், அதில் சுமார் 2.3 சதவீதம். அறை வெப்பம் மாறாதபோது மறுபடி செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் ரேடியேட்டரைத் தனியாகவும் பிளாக்குகளைத் தனியாகவும் அடைத்துச் சோதியுங்கள்.

2024 ஆகஸ்ட் 12

ஏசிதான் என்று பதில் வந்திருக்கிறது. இனி நீர் ஊற்றலாம். பம்பை மட்டும் ஓட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் முனையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைப்பான் கொண்டு சேருங்கள். வயர்கள் எல்லாம் கறுப்பாக இருந்தால் பச்சையின் இடம் 16-ஆவது பின். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகவே கூடாது.

2024 நவம்பர் 10

இன்டெல்லின் எல்ஜிஏ 1851 வந்துவிட்டதால் பிளாக்கை மாற்ற வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். துளை இடைவெளி அதே 78 மி.மீ.; 1700-க்கு வாங்கிய பிராக்கெட்டே பொருந்தும். இப்போது 4090-இன் பிளாக்கை வாங்கி அடுத்த தலைமுறைக் கார்டிலும் போடலாமா என்ற மற்றக் கேள்விக்கு ஏப்ரல் 9 குறிப்பிலேயே பதில் இருக்கிறது: போர்டு மாறினால் பிளாக் மாறும். கார்டை விற்கும்போது பழைய ஃபேன் குளிர்விப்பானையும் அதன் திருகாணிகளையும் சேர்த்துக் கேட்பார்கள். அவற்றை ஒரு பையில் போட்டு லேபிள் ஒட்டி வையுங்கள்.